ஒரு கோடு குறைந்த நலம்

அத்தியாயம் 6

காலை எட்டரை மணிக்கே மெய்ஃபாங் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். இந்தக் கேஸ் தேறாது.

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல்முறையீட்டுக் குழு கூடுகிறது. கையில் இருப்பதோ ஒரே ஒரு ஜெராக்ஸ் காகிதம். அதையும் அவளுடைய முதலாளி யூ போயென் அரை மணி நேரமாக ஜன்னலோரம் நின்றுகொண்டு, சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே டிபன் கடையில் சோயாப்பால் கொதிக்கும் வாசனை மாடி ஏறி வந்தது. அவளுக்குப் பசி வேறு.

யூவுக்கு அறுபதைத் தொட இரண்டு வருடம் பாக்கி. யான்வேய் மாவட்ட அரசின் மேல்முறையீட்டுப் பிரிவில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவர். 'மனு தள்ளுபடி செய்யப்படுகிறது' என்ற ஒரே வாக்கியத்தை நாலாயிரம் தடவை எழுதி அலுத்துப்போய், ஒரு நாள் பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே வந்து இந்தத் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்தார். ஊரில் உள்ள மற்ற துப்பறியும் அலுவலகங்கள் யாருடைய புருஷன் யாருடைய ஸ்கூட்டரில் போகிறான் என்று பார்த்துப் பிழைக்கின்றன. இவர் மட்டும் அரசாங்கக் கடிதத்தில் கமா எங்கே விழுந்திருக்கிறது என்று பார்ப்பார். மெய்ஃபாங் இவரிடம் வருவதற்கு முன் பதினெட்டு வருடம் இன்ஷூரன்ஸ் விற்றவள். மாவட்டத்தில் பாதிப் பேர் அவளிடம் பாலிசி எடுத்தவர்கள். மீதிப் பேர் அவளைக் கண்டால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார்கள்.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் தெங் யாலிங். வயது முப்பத்து நாலு. மூன்று மாதம் முன்புவரை ஷுன்ஃபூ மருத்துவமனையில் நர்ஸ். இப்போது பெரியப்பாவின் கொட்டகையில் பால்மீனுக்கு முள் எடுக்கிறாள். ஒரு மீனுக்கு இருநூற்றுச் சொச்சம் முள். ஊசி பிடித்துப் பழகிய கை என்பதால் வேலை சுத்தமாக இருக்கிறது என்று பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் ஷிப்டில், அவள் வார்டில் இருந்த கிழவர் ஒருவர் தானே கட்டிலை விட்டு இறங்கப்போய் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். நர்ஸ் நாற்பது நிமிடம் வார்டிலேயே இல்லை என்று மருத்துவமனை மேட்ரன் ஹுவாங் சுஹுவெய் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குப் புகார் எழுதினார். அலுவலகம் யாலிங்கின் தொழில் உரிமத்தை ஒரு வருடம் நிறுத்தியது. ஒருவர் பிழைப்பில் கை வைப்பதற்கு முன்னால், 'உன் தரப்பில் சொல்ல என்ன இருக்கிறது' என்று கேட்டு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கொடுக்கத்தான் போனோம், வீட்டில் ஆள் இல்லை, கதவில் ஒட்டினோம், பத்து நாள் பொறுத்தோம், அந்தப் பெண் வாயே திறக்கவில்லை என்றது அலுவலகம். ஒட்டியதற்குச் சாட்சியாகக் கோப்பில் ஒரு போட்டோ வைத்திருந்தார்கள். அதன் ஜெராக்ஸ்தான் யூவின் கையில் இருந்தது.

அப்படி ஒரு காகிதத்தைத் தன் வாசலில் பார்க்கவே இல்லை என்று யாலிங் மூன்றாவது தடவையாகச் சொன்னாள். சொல்லி என்ன பிரயோஜனம். ஒட்டினால் படித்த மாதிரிதான் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்தக் காகிதத்தைக் காற்று கொண்டுபோனாலும் கணக்கு ஒன்றுதான். போட்டோவில் இருந்த கதவும் யான்வேயில் பாதி வீடுகளுக்கு இருக்கிற அதே சாம்பல் இரும்புக் கதவு. தன்னுடையது இல்லை என்று அவளால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

யூ திடீரென்று அவள் பக்கம் திரும்பினார். வீட்டு வாசலுக்கு மேலே தகரமோ கூரையோ நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று கேட்டார். இல்லை, சுவரோடு சுவராகத்தான் இருக்கிறது என்றாள்.

"அப்போ கதவுக்கு மேல இவ்வளவு நிழல் எப்படி விழுந்துச்சு?"

மெய்ஃபாங் எட்டிப் பார்த்தாள். கதவின் தலைமாட்டில் கறுப்பாக ஒரு பட்டை அப்பிக்கிடந்தது.

"மெஷின்ல மை ஜாஸ்தி, முதலாளி. நம்ம அரசாங்கத்துல தாராளமா கெடைக்கிறது அது ஒண்ணுதான்."

யூ அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபத்தாறு வருடம் அரசாங்க முத்திரைகளை ஜெராக்ஸில் பார்த்த மனிதர் அவர். "சிவப்பு முத்திரை ஜெராக்ஸ்ல எப்பவும் கறுப்பாத்தான் விழும். இது நிழல் இல்ல, மெய்ஃபாங். இது சிவப்பு." பிறகு யாலிங்கிடம், "இந்த வருஷம் புத்தாண்டுக்கு உங்க வீட்டு வாசல்ல என்னம்மா ஒட்டினீங்க?"

"எதுவும் ஒட்டலைங்க, யூ சார். அப்பா அக்டோபர்ல தவறிட்டாரு. பழசையும் கிழிச்சுட்டோம்."

சாவு விழுந்த வீட்டில் அந்தப் புத்தாண்டுக்குச் சிவப்புக் காகித வாழ்த்து ஏறாது. யான்வேயில் வாய் பேசாத குழந்தைக்குக்கூட இது தெரியும். மெய்ஃபாங் பசியை மறந்து ஹெல்மெட்டை எடுத்தாள்.

*

மாவட்ட அரசு அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் அறை என்று ஒன்று உண்டு. பார்க்க விடாமல் இருப்பதற்காகவே அதைக் கட்டியிருந்தார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண், நகல்தான் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதே, மறுபடி என்ன வேண்டும் என்றாள். பார்க்கலாம், எழுதிக்கொள்ளலாம், படம் எடுக்கலாம் என்று சட்டம் மூன்றையும் தனித்தனியாகச் சொல்கிறது, நகல் கொடுத்ததால் பார்க்கும் உரிமை தீர்ந்துவிடாது என்று யூ பொறுமையாக விளக்கினார். மதிய இடைவேளை முடிந்து வாருங்கள் என்றாள். இடைவேளை முடிவது ஒன்றரைக்கு. கூட்டம் இரண்டுக்கு.

யூ பெருமூச்சு விட்டார். மெய்ஃபாங் ஒரு நாற்காலியை இழுத்து ஜன்னலுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, புற்றுநோய்க்குத் தனியாகப் பாலிசி எடுத்திருக்கிறாயா, இந்த வயதில் எடுத்தால் எவ்வளவு லாபம் தெரியுமா என்று ஆரம்பித்தாள். நாலே நிமிடத்தில் ஒரிஜினல் கோப்பு மேஜைக்கு வந்தது.

கலர் போட்டோ. சாம்பல் இரும்புக் கதவு, நடுவில் வெள்ளை நோட்டீஸ், தலைக்கு மேல் பளிச்சென்று சிவப்புப் பட்டை. அதில் தடித்த தூரிகையில் நாலே சீன எழுத்து. வீட்டார் எல்லோருக்கும் நலம் என்று பொருள். யாலிங் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியது. அப்பா போன வருடத்தில் தன் வாசலில் சிவப்பு தொங்கியதாக ஒரு சர்க்கார் கோப்பு சொல்கிறது என்பதுதான் அவளை உரிமம் போனதைவிட அதிகமாகக் குத்தியது என்று மெய்ஃபாங்குக்குப் பட்டது.

"எங்க வீடு இல்ல," என்றாள் யாலிங்.

"அது பாதி விடைதான்," என்றார் யூ. "யார் வீடு?"

நோட்டீஸைக் கொண்டுபோய்க் கொடுத்ததற்கான அத்தாட்சித் தாள் அடுத்த பக்கத்தில் இருந்தது. தபால்காரர் கையெழுத்து இல்லை. 'அலுவலக ஊழியர் நேரில் சென்று ஒட்டினார்' என்று எழுதி, கீழே செவிலியர் உரிமப் பிரிவின் தலைவர் காவ் வென்ஷான் தானே முத்திரை குத்தியிருந்தார். யூ அந்த முத்திரைமேல் விரலை வைத்தார். பிரிவுத் தலைவர் ஒருவர் தானே பசை டப்பாவோடு ஸ்கூட்டரில் கிளம்பிப் போனாரா என்று கேட்டார்.

"டீ குடிச்ச கப்பையே அந்தாளு கழுவ மாட்டாரு," என்றாள் மெய்ஃபாங். அவளுக்குக் காவைத் தெரியும். அவருடைய அம்மாவுக்கு விபத்துப் பாலிசி போட்டவளே அவள்தான். அவள் போட்டோவை இன்னும் கிட்டத்தில் பிடித்தாள். சிவப்புப் பட்டையின் கடைசி எழுத்து 'நலம்'. சரியாக எழுதினால் அதற்குப் பதினொரு கோடு. விரலால் எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"முதலாளி, இந்த வீட்ல நலம் கொஞ்சம் குறையுது. பத்துக் கோடுதான் இருக்கு."

யூ மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். கடையில் அச்சடித்து வாங்கிய பட்டையில் இப்படித் தப்பு வராது. இது கையால் எழுதியது. எழுதியவருக்குத் தன் கைமேல் அபார நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். கோடு அவ்வளவு கொழுப்பாக விழுந்திருந்தது. அவ்வளவு நம்பிக்கையோடு தப்புச் செய்கிற ஆட்கள் எந்த மாதிரி நாற்காலியில் உட்காருவார்கள் என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

எதிர்க் கட்டடத்தில்தான் சுகாதார அலுவலகம். மூவரும் முற்றத்தைக் கடந்து போய் இரண்டாம் மாடி ஏறினார்கள். இயக்குநர் அறை வாசலில் சிவப்புப் பட்டை. கடைசி எழுத்தில் பத்துக் கோடு. கணக்குப் பிரிவு வாசலிலும் பத்துக் கோடு. மாவட்டத்தின் நலத்துக்குப் பொறுப்பான அலுவலகம் முழுக்க நலத்தில் ஒரு கோடு குறைவாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

மெய்ஃபாங் வாசலில் இருந்த காவலாளியிடம் போய் ரொம்ப அழகான எழுத்து என்று பாராட்டினாள். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். வருடா வருடம் இயக்குநர் தன் கையால் முப்பது பட்டை எழுதிப் பிரிவுத் தலைவர்களுக்கும் வேண்டியவர்களுக்கும் கொடுப்பாராம். வாங்கியவர்கள் வீட்டு வாசலில் ஒட்டியே ஆக வேண்டும். புத்தாண்டு வாழ்த்துச் சொல்லும் சாக்கில் காரில் வந்து ஒட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பாராம். தப்பு என்று எல்லோருக்கும் தெரியும்.

"எங்க வீட்டு வாசல்லயும் இருக்குங்க. அதைப் பாத்து எழுதி என் பொண்ணுக்கு ஸ்கூல்ல மார்க் போச்சு. டீச்சர் வீடு வரைக்கும் வந்து கேட்டுட்டாங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

*

பதினொன்றே முக்காலுக்கு இரண்டு ஸ்கூட்டர்கள் காவின் தெருவுக்குள் நுழைந்தன. ஒன்றில் மெய்ஃபாங்கும் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு யூவும். மற்றதில் யாலிங். வெயில் மண்டையைப் பிளந்தது. காவ் அலுவலகத்தில் இருக்கிறார் என்று வரும்போதே பார்த்தாகிவிட்டது. வீடு பூட்டியிருக்கும், வாசலைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடலாம் என்பது திட்டம். இத்தனைக்கும் மெய்ஃபாங்குக்கு உள்ளுக்குள் கொஞ்சம் உதறல்தான்.

சாம்பல் இரும்புக் கதவு. மேலே சிவப்புப் பட்டை, பத்துக் கோடு நலம். கதவின் வலது ஓரத்தில் ஏதோ இடித்த நசுங்கல். கோப்புப் போட்டோவிலும் அதே இடத்தில் அதே நசுங்கல். நடுவில் பிய்த்தெடுத்த ஒட்டுத்தாளின் மூலை ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் யாலிங் வீட்டுக்குப் போகச் சோம்பல்பட்டு, தன் வீட்டுக் கதவிலேயே நோட்டீஸை ஒட்டி, படம் பிடித்து, பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போயிருக்கிறார். மெய்ஃபாங்குக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும்போல இருந்தது. வளைத்து வளைத்துப் படம் எடுத்தாள்.

வெறும் சோம்பலாகத்தான் இருக்கும் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். யூ மட்டும் ஏனோ முகத்தைச் சுளித்துக்கொண்டே நின்றார். சோம்பல்பட்ட அதிகாரி ஒரு ஸ்டாம்பை ஒட்டித் தபாலில் போட்டிருப்பான், வீட்டுக் கதவுக்குக் கொண்டுபோக மாட்டான் என்று முணுமுணுத்தார்.

அப்போது கதவு திறந்தது.

வீட்டுச் செருப்பு, தளர்ந்த பைஜாமா, மதியத் தூக்கத்துக்காக அவிழ்த்துவிட்ட தலைமுடி. வாசலில் ஐம்பது வயது அம்மாள் ஒருத்தி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். மெய்ஃபாங் ஒரு நொடியும் யோசிக்காமல் பழைய தொழிலுக்குத் திரும்பி, அக்கா சாப்பிட்டீங்களா, உங்கள் மாமியார் பாலிசி விஷயமாக வந்தேன் என்று ஆரம்பித்தாள். அம்மாளின் பார்வை அவளைத் தாண்டிப் பின்னால் போயிற்று. அங்கே யாலிங் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ இங்க என்ன பண்றே?"

"என் நோட்டீஸைத் தேடிக்கிட்டு வந்தேன், மேட்ரன்."

மெய்ஃபாங்கின் கட்டைவிரல் போன் கேமராவில் தன்பாட்டுக்கு இன்னொரு தடவை அமுங்கியது. கதவுக்குள்ளே புகார் எழுதிய ஹுவாங் சுஹுவெய். தலைக்கு மேலே நலம். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

யான்வேயில் கல்யாணம் ஆனாலும் பெண்ணின் குடும்பப் பெயர் மாறாது. புகாரில் ஹுவாங் என்று இருக்கும், உத்தரவில் காவ் என்று இருக்கும். இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் தூங்குகிறார்கள் என்று எந்தக் கோப்பும் சொல்லாது. பெண்டாட்டி எழுதிய புகாருக்குப் புருஷன் தீர்ப்பு எழுதியிருக்கிறான். இடையில் குற்றம் சாட்டப்பட்டவள் வந்து வாயைத் திறந்துவிடக் கூடாது என்றுதான் நோட்டீஸ் இந்த வாசலைத் தாண்டவில்லை.

*

குழுவில் ஏழு பேர். நடுவில் மாவட்டச் செயலாளர் தலைவராக. ஒரு பக்கம் காவ் வென்ஷான், வகிடு எடுத்துச் சீவிய தலை, மடிப்புக் கலையாத சட்டை. மறு பக்கம் யாலிங். துணைக்கு ஒருவரை உட்கார்த்திக்கொள்ள அவளுக்கு அனுமதி உண்டு என்பதால் பக்கத்தில் யூ. மெய்ஃபாங்குக்குப் பின்வரிசையில் இடம். பேசக் கூடாது என்று சொல்லித்தான் உள்ளே விட்டார்கள். அவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

யூ எழுந்து, நோட்டீஸ் தன் கட்சிக்காரர் வீட்டுக்குப் போகவில்லை என்று காரணத்தோடு சொன்னார். அக்டோபர் சாவு, சிவப்புப் பட்டை, அவ்வளவுதான். யார் வீட்டுக் கதவு என்று மட்டும் சொல்லவில்லை.

காவ் அசரவில்லை. விலாசத்தில் ஏதோ குழப்பம் நேர்ந்திருக்கலாம், வருந்துகிறோம் என்றார். மேட்ரன் மத்தியானமே போன் பண்ணியிருப்பாள் என்பது அவர் நெற்றி வியர்வையில் தெரிந்தது. ஆனால் அவரிடம் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. கருத்துக் கேட்காமல் விட்டுவிட்டால் மேல்முறையீடு முடிவதற்குள் கேட்டு அந்தக் குறையைச் சரிசெய்துகொள்ளலாம் என்று சட்டமே இடம் கொடுக்கிறது.

"இப்பவே சொல்லட்டுமே. கேட்டுக்கறோம். உத்தரவு அப்படியே இருக்கட்டும்."

சட்டம் என்பது இவ்வளவுதானா. மூன்று மாதம் மீன் முள் எடுக்க வைத்துவிட்டு, இப்போது பேசு, கேட்டுக்கொள்கிறோம், ஆனால் மாற்ற மாட்டோம் என்கிறான். மெய்ஃபாங்குக்கு அந்த வகிட்டின் நடுவில் ஹெல்மெட்டால் ஒன்று போட வேண்டும்போல இருந்தது. யூவோ சந்தோஷமாகத் தலையாட்டினார். அப்படியே ஆகட்டும், யாலிங் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

யாலிங் எழுந்தாள்.

"அன்னிக்கு வார்டுல இருபத்திரண்டு நோயாளி. நர்ஸ் நான் ஒருத்தி. ஏழாம் ரூம்ல ஒருத்தர் ரத்தமா வாந்தி எடுத்தாரு. டாக்டர் ரத்தம் ஏத்தச் சொன்னாரு. கீழ போயி ரத்தப் பை வாங்கிட்டு வர ஆள் இல்ல. நானே போனேன். பதினொரு நிமிஷம். நாப்பது இல்ல. ரத்த வங்கி நோட்டுல நேரம் இருக்கு. அந்தப் பதினொரு நிமிஷத்துல பன்னெண்டாம் ரூம் தாத்தா ஒண்ணுக்குப் போகணும்னு மணி அடிச்சிருக்காரு. யாரும் வரல. தானே எறங்கியிருக்காரு." அவள் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஏழாம் ரூம்காரர் பொழச்சுட்டாரு. தாத்தா இடுப்பு ஒடைஞ்சுபோச்சு. அவரைப் போய்ப் பாத்து மன்னிப்புக் கேட்டேன். நான் தெரிஞ்சுக்க விரும்பறது ஒண்ணுதான். ஒருத்தி ரெண்டு எடத்துல இருக்கணும்னா, எங்க இருக்கணும்னு உங்க சட்டத்துல எங்க எழுதியிருக்கு?"

பதிவு எழுதிக்கொண்டிருந்த பெண் அந்தக் கேள்வியையும் தட்டி முடித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆள் பட்டியலைத் தரச் சொல்லுங்கள் என்று குழுவில் இருந்த சட்டப் பேராசிரியை ஒருத்தி காவிடம் சொன்னாள். அது கோப்பில் இல்லை என்றார் அவர். மருத்துவமனைத் தர ஆய்வு வருகிற மாதம், வார்டில் ஆள் பற்றாது என்று தெரிந்தால் தரம் இறங்கிவிடும், அதனால் அந்தப் பட்டியல் எந்தக் கோப்பிலும் இருக்கக் கூடாது என்பதுதானே விஷயம் என்று மெய்ஃபாங் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

யூ அப்போதுதான் மெய்ஃபாங் பிடித்த இரண்டாவது போட்டோவை எடுத்து மேஜையில் தள்ளினார். பக்கத்தில் கோப்புப் போட்டோ. இரண்டு நசுங்கல், இரண்டு சிவப்புப் பட்டை. இரண்டாவதில் மட்டும் கதவு திறந்திருந்தது. போட்டோ கை மாறிப் போனது. குழுவில் இருந்த மாவட்ட அதிகாரிகள் மூன்று பேர் அந்தக் கடைசி எழுத்தைப் பார்த்ததும் அவசரமாக அடுத்தவரிடம் தள்ளிவிட்டார்கள். தங்கள் வீட்டு வாசலும் அவர்களுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இது யார் வீடு, காவ்?"

"எங்க வீடு."

"நிக்கிறது யாரு?"

காவ் குனிந்து தன் சட்டை பட்டனைப் பார்த்தார். "என் மனைவி."

"நோட்டீஸ் விட்டுப்போச்சுன்னா பின்னால கேட்டுச் சரிபண்ணிக்கலாம்," என்றார் யூ. "அதைத்தான் இப்ப அழகா செஞ்சு முடிச்சோம், பிரிவுத் தலைவருக்கு நன்றி. சொந்தப் பெண்டாட்டி புகாருக்குத் தானே தீர்ப்பு எழுதினதை எதை வெச்சுச் சரிபண்றது? அந்த நாற்காலியை விட்டு அவர் முதல் நாளே விலகியிருக்கணும்."

மெய்ஃபாங் பின்வரிசையில் கை தட்டிவிட்டாள். வெளியே அனுப்பிவிட்டார்கள்.

*

பதினொரு நாள் கழித்து முடிவு தபாலில் வந்தது. மெய்ஃபாங்தான் உறையைக் கிழித்துச் சத்தமாகப் படித்தாள். யாலிங்கும் வந்திருந்தாள். உரிமத்தை நிறுத்திவைத்த உத்தரவு ரத்து. அடுத்த வரியைப் படித்ததும் மெய்ஃபாங்கின் குரல் ஏறியது. 'உத்தரவிட்ட அலுவலகமே இரண்டு மாதத்துக்குள் சட்டப்படி மறுபடி முடிவெடுக்க வேண்டும்.'

அதே அலுவலகம். அதே மாடி. அடித்தவனிடமே போய் அடி சரியாக விழுந்ததா என்று கேட்கிற கதை. நீங்கள் எல்லாம் என்ன ஜென்மம் என்று அவள் முதலாளியைப் பிடித்துக்கொண்டாள். யூ தேநீரை ஊதினார். இந்த வரியைத் தானே முந்நூறு தடவை எழுதியிருப்பதாக ஒப்புக்கொண்டார். ஆனால் இந்தத் தடவை காவ் அந்தக் கோப்பைத் தொட முடியாது, அவர்மேலேயே விசாரணை. யாலிங் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் கோப்பில் ஏறிவிட்டது. முடிவு எடுக்கிறவர் யாராக இருந்தாலும் அந்த இருபத்திரண்டுக்கு ஒன்று என்ற கணக்குக்குப் பதில் எழுதியாக வேண்டும். அதுவரை உரிமம் உயிரோடு இருக்கிறது.

விஷயம் வெளியே தெரிந்த அந்த ஒரு வாரத்தில் ஊரில் முப்பது வாசல்களிலிருந்தும் சிவப்புப் பட்டை இறங்கிவிட்டது. இயக்குநருக்கு மட்டும் காரணம் இன்னும் புரியவில்லையாம். அடுத்த வருடம் இன்னும் பெரிதாக எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

யாலிங்கின் போன் அடித்தது. ஷுன்ஃபூவின் வார்டுப் பொறுப்பாளர். உரிமம் திரும்பக் கிடைத்தது அவர்களுக்கு இவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. மேட்ரன் நீண்ட விடுப்பில் போயிருக்கிறார், ஆள் சுத்தமாக இல்லை, இந்த ஞாயிற்றுக்கிழமை பகலுக்கு வர முடியுமா என்று கேட்டாள். மெய்ஃபாங் போனைப் பிடுங்கி நாலு வார்த்தை சொல்லக் கையை நீட்டினாள். யாலிங் கொடுக்கவில்லை.

"எத்தனை நோயாளி?"

இருபத்து நாலு.

"என்கூட யாரு?"

நீ மட்டும்தான், ஆறு வருடமாக ஆள் தேடிக்கொண்டுதானே இருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமைக்கு யார் வருகிறார்கள், உனக்குத் தெரியாததா என்று குரல் கெஞ்சியது. யாலிங் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"வரேன், அக்கா. அங்க படுத்திருக்கிறவங்களுக்காக வரேன். ஆனா முதல் ஆளைத் தொடறதுக்கு முன்னாடி பதிவேட்டுல எழுதுவேன், இருபத்து நாலு நோயாளி, ஒரு நர்ஸ்னு. அதுக்குக் கீழ இந்த ஆளே போதும்னு முடிவு பண்ணினவங்க யாரோ, அவங்க பேரெழுதிக் கையெழுத்துப் போடணும். போட்டாத்தான் உள்ள வருவேன்."

பொறுப்பாளர் மேலே கேட்டுவிட்டுக் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள். யாலிங் போனை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையைத் தானே கெடுத்துக்கொண்டோமோ என்ற பயம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. மெய்ஃபாங் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி போன் அடித்தபோது பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு யாலிங்கோடு கூட நிற்க இன்னொரு நர்ஸ் கிடைத்துவிட்டதாகப் பொறுப்பாளர் சொன்னாள்.